விளக்கெண்ணெயும் மடவை மீனும்

பிரசவ வலியை வரவழைப்பதைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று, இப்போது பிரசவ வார்டில் வேலை பார்க்கிற நர்சுகள் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நானும் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது, எந்த ஊசியை எப்போது போடுவது என்றெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதில் பாதி இப்போது வழக்கொழிந்துவிட்டது. மீதியை உங்கள் புத்தகங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லும். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒரு குழப்பத்தைப் பற்றி மட்டும்தான். எந்தக் குழந்தைக்கு வெளியே வர நேரம் ஆகிவிட்டது, எந்தக் குழந்தையை அவசரப்பட்டு நாம் வெளியே இழுக்கிறோம் என்ற குழப்பம். வேலையில் இருந்த காலம் முழுவதும் அது என்கூடவே இருந்தது. இப்போது தீர்ந்துவிட்டது என்று சொன்னால் நான் புளுகுகிறேன் என்று அர்த்தம்.

நான் சொல்லப்போவது ஐம்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. ராயபுரம் பக்கம் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் அப்போது நர்சாக வேலை பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் மீன் வாடை, இன்னொரு பக்கம் ரயில் புகை. துறைமுகத்தில் சங்கு ஊதினால் வார்டில் பாதிக் குழந்தைகள் அழும். நானோ திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. வந்த புதிதில் அந்த ஊர்த் தமிழ் எனக்கும், என் தமிழ் அவர்களுக்கும் புரியாது. 'ஏளா' என்று ஒருத்தியை அன்பாகக் கூப்பிட்டதற்கு, திட்டிவிட்டேன் என்று நினைத்து அவள் அழுத கதையும் உண்டு. அது போகட்டும்.

அப்போது எங்களிடம் இருந்த முறைகளை ஒரு படிக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் படியில் விளக்கெண்ணெய், பிறகு வெந்நீர்க் குளியல், எனிமா. இந்த மூன்றுக்கும் வலி வந்துவிட்டால் நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்வோம். உண்மையில் பல நேரம் அது தானாகவே வரவிருந்த வலியாக இருக்கும். அதற்கு மேல், மலேரியாவுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரை. காதில் வண்டு ரீங்கரிக்கிறது என்று பெண்கள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். அதை இன்று யாரும் கொடுப்பதில்லை, நல்லவேளை. அதற்கும் மேலே ஊசி, கொஞ்சம் கொஞ்சமாக, பயந்து பயந்து. கடைசிப் படி பனிக்குடத்தை உடைப்பது.

மற்றப் படிகளில் ஏறினால் இறங்கி வரலாம். எண்ணெய் குடித்தவள் வயிற்றுப்போக்கோடு வீட்டுக்குப் போய்விடலாம். பனிக்குடத்தை உடைத்த பிறகு இறங்க வழி கிடையாது. குழந்தை வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் நோய் உள்ளே போகும். ஆகவே அந்தப் படிக்கு முன்னால் ஒரு தடவை நில்லுங்கள். நான் நிற்கக் கற்றுக்கொண்ட கதைதான் இது.

எங்கள் டாக்டரம்மா கெட்டிக்காரர். பேர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. முகம் கடுகடுவென்று இருக்கும், கை மட்டும் பஞ்சு. அந்த வருஷம் பொங்கல் கழிந்த சமயத்தில் ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று டாக்டரம்மா பொறுத்தார். ஒரு காலையில் மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தபோது உள்ளே சத்தம் இல்லை. அந்தத் தாய் எங்களைத் திட்டக்கூட இல்லை. "உங்க மேல தப்பு இல்லமா" என்று டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் அவரைக் கொன்றது. அன்று சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே எடுத்துப் போனார். போகும்போது என்னிடம், "காத்திருக்கறதுன்னா சும்மா இருக்கறதுன்னு நெனைக்காதீங்க சிஸ்டர். அதுவும் நாம கொடுக்கற ஒரு மருந்துதான். அதுக்கும் நாமதான் பொறுப்பு" என்றார். எனக்கு இன்றும் அந்த வார்த்தை சரியாகத்தான் படுகிறது. அதனால்தான் அடுத்து நடந்தது எனக்கு இவ்வளவு குழப்பம்.

பங்குனி முடிகிற சமயம். ராயபுரம் குப்பத்திலிருந்து பொன்னம்மா என்கிற மீன்காரி தன் மருமகளை அழைத்து வந்தாள். மருமகள் பேர் லோகம்மா. எண்ணூர்க் கழி கடலில் சேர்கிற முகத்துவாரத்துப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, தலைச்சன் பிள்ளை. மகன் தேசப்பன் கட்டுமரத்தில் போகிறவன். ஆண்களை உள்ளே விடமாட்டோம் என்பதால் அவன் வாசல் வேப்பமரத்தடியில் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டே நின்றான்.

"இன்னா நர்சம்மா, நாளு எப்பவோ தாண்டிபூட்ச்சி. வலியும் காணோம் ஒண்ணும் காணோம். ஒரே பேஜாரா கீது. ஏதுனா மருந்து குட்த்து எட்த்து வுடுங்கோ" என்றாள் பொன்னம்மா, வார்டு முழுக்கக் கேட்கும்படி. கூடை தூக்கித் தெருத்தெருவாகக் கூவி விற்ற குரல். மெதுவாகப் பேசு என்று சொன்னாலும் அப்படித்தான் வரும்.

டாக்டரம்மா கணக்குக் கேட்டார். போன ஆனி மாதம் ஆரம்பத்தில் தலைக்குக் குளித்தது என்று லோகம்மா பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். குழந்தை முதலில் எப்போது துடித்தது?

"தீபாளிக்கு எண்ண தேச்சிகினு குளிக்க சொல்லோ" என்றாள்.

பொன்னம்மா, "ஆமா ஆமா, எனுக்கும் நெனப்பு கீது" என்று தலையாட்டினாள்.

அந்தக் கணக்குப்படி பங்குனி நடுவிலேயே குழந்தை பிறந்திருக்க வேண்டும். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், நானும் பார்த்தேன். நாள் தாண்டியவளின் வயிறு மாதிரி இல்லை, சின்னது. குழந்தையின் தலை இன்னும் மேலேயே ஆடிக்கொண்டிருந்தது. கருப்பை வாய் இன்னும் இளகாமல் காயாக இருந்தது. இதைப் பார்த்துவிட்டு எனக்கு, நாள் இன்னும் ஆகவில்லையோ என்று தோன்றியது. டாக்டரம்மாவுக்கோ, நாள் தாண்டியதால் குழந்தைக்கு உள்ளே சாப்பாடு போதாமல் போய் வற்றுகிறது என்று தோன்றியது. அவர் சொன்னதும் பொருந்தியது, நான் நினைத்ததும் பொருந்தியது. ஒரே வயிறுதான். ஒருவர் சொல்வது சரியென்றால் உடனே எடுக்க வேண்டும், இன்னொருவர் சொல்வது சரியென்றால் தொடவே கூடாது.

"பொங்கலுக்கு நடந்தது போதும் சிஸ்டர். எண்ணெய் கொடுங்க" என்றார்.

கொடுத்தேன். ஆரஞ்சுச் சாற்றில் கலந்து கொடுத்தேன், லோகம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். அதுவே எனக்கு வியப்பு. விளக்கெண்ணெயைப் பார்த்து ஓடாத தலைச்சன்காரியை நான் அதுவரை கண்டதில்லை. கெஞ்சுவார்கள், புடவைத் தலைப்பில் துப்புவார்கள், மாமியாரைக் கூப்பிடுவார்கள். இவள் குடித்துவிட்டு, "இன்னும் கீதா?" என்று கேட்டாள்.

ஒன்று கவனித்தேன். டாக்டரம்மாவுக்கு எடுக்க வேண்டும், மாமியாருக்கு எடுக்க வேண்டும், வயிற்றுக்காரிக்கும் எடுக்க வேண்டும். எல்லோரும் ஒரே பக்கம். பொன்னம்மா ஏன் அவசரப்பட்டாள் என்பது எனக்குப் புரிந்தது. இன்னும் சில நாளில் சித்திரை பிறக்கிறது. சித்திரையில் பிறக்கிற தலைச்சன் தகப்பனுக்கு ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. அதுவும் தகப்பன் தினம் கடலுக்குப் போகிறவன். அவள் புருஷனையும் கடல்தான் கொண்டுபோயிருந்தது. டாக்டரம்மா அவசரப்பட்டது பொங்கலுக்கு இறந்த குழந்தையால். இந்தப் பெண் ஏன் இப்படி அவசரப்படுகிறாள்? அது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

எண்ணெய் வேலை செய்தது, ஆனால் வேறு பக்கம். வயிற்றுப்போக்கோடு இடுப்பில் லேசாக வலி கண்டது. பொன்னம்மா பிள்ளையார் கோயிலுக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். வெந்நீரில் குளிப்பாட்டினோம். மத்தியானம் வலி வந்த வழியே போய்விட்டது. அது பொய் வலி.

இதற்கிடையில் டாக்டரம்மா குழலை வைத்துக் கேட்டுவிட்டு முகம் மாறினார். "துடிப்பு நிதானமா இல்ல. நீங்க கேளுங்க" என்றார். கேட்டேன். எனக்குச் சரியாகத்தான் கேட்டது. மறுபடி அவர் கேட்டார், அவருக்குச் சரியில்லை. பயந்த காதுக்குக் கேட்டது பொய்யா, நம்பிக்கொண்டிருந்த காதுக்குக் கேட்டது பொய்யா?

"கொய்னா கொடுத்துட்டு உட்கார்ந்திருக்க நேரமில்ல. பனிக்குடத்தை உடைச்சுடலாம். கருவியெல்லாம் கொதிக்க வைங்க" என்றார்.

கருவிகள் கொதிக்கிற நேரம்தான் எனக்குக் கிடைத்தது. லோகம்மா சுவர்ப் பக்கம் திரும்பி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நான் முதுகைத் தேய்த்துவிட்டேன். பொன்னம்மா தேங்காய் வாங்கப் போயிருந்தாள். கேள்வி கேட்பதாக எண்ணம் எதுவும் இல்லை, அவளுடைய பயம் தணிய ஏதாவது பேச வேண்டும் என்றுதான் பேச்சுக் கொடுத்தேன்.

"வயித்துல பிள்ளை துடிச்சா நல்லாத்தான் இருக்கும், என்னளா? மொதல்ல துடிக்கையில பயந்தியோ?"

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஐயே, அத்த ஏன் கேக்கறே! கார்த்திகை வெளக்கு ஏத்திகினு கீறேன். கையில அகலு. உள்ள மீனு துள்றா மாதிரி ஒரு துள்ளு. அகல கீழ போட்டு ஒட்ச்சிட்டேன். அத்த வேற திட்டிச்சி."

நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தீபாவளின்னுல்லா டாக்டரம்மாட்ட சொன்ன?"

அவள் முதுகு என் கைக்கடியில் கட்டையாக இறுகியது. திரும்பவே இல்லை.

தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு மாதம். தலைச்சன் பிள்ளைக்காரி முதல் துடிப்பை மறக்கவே மாட்டாள், இது உங்களுக்கும் தெரிந்ததுதான். கார்த்திகையில் முதல் துடிப்பு என்றால் கரு தரித்தது ஆடியில். அப்படியானால் குழந்தை பிறக்க வேண்டியது சித்திரைக் கடைசியில். இன்னும் நாளே ஆகவில்லை!

"ஆடிக்கு நீ எங்க இருந்த?" என்று கேட்டேன்.

"ஆத்தா வூட்ல."

புதுப் பெண்ணை ஆடியில் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவது எதற்காக என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். சித்திரையில் பிள்ளை பிறக்கக் கூடாது, அதற்காகத்தான் பிரித்து வைப்பது. இவள் ஆடி முழுக்க எண்ணூரில் இருந்திருக்கிறாள், புருஷன் ராயபுரத்தில் இருந்திருக்கிறான்.

பிறகு அவளே சொன்னாள். குரல் சுவருக்குத்தான் போனது. "மரத்த எட்த்துகினு அவுரு வருவாரு. கடலுக்குப் போறேன் இன்னு வூட்ல சொல்லிட்டு அங்க வந்து நிப்பாரு. முகத்துவாரம் தாண்டி தாழம்பொதர் பக்கம். ரெண்டு மூணு தபா வந்தாரு. எங்க ஆத்தாளுக்குக்கூடத் தெரியாது."

"இதுல என்ன இருக்கு? கட்டுன புருஷன்தான. சொல்லிற வேண்டியதுதான?"

"நீ வேற. அவுரு அம்மாவ கண்டாலே நடுங்குவாரு. நான் போய் சொல்லி, அவுரு இல்லவே இல்ல இன்னுட்டாரு இன்னு வெச்சிக்கோ. அப்பால இது யாருது இன்னு கேப்பாங்கோ இல்ல?" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "பங்குனியிலயே பொறந்துட்டா ஒரு கேள்வியும் இல்ல. நீ குடு நர்சம்மா, இன்னா மருந்து இருந்தாலும் குடு. நான் குடிக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. மானத்துக்காக எண்ணெயைக் குடித்தவள் இன்னும் சில நிமிஷத்தில் கத்தியைக் காட்டினாலும் படுத்துக்கொள்வாள். அன்றைக்கு எங்களிடம் குறைமாதக் குழந்தைக்குப் பஞ்சும் வெந்நீர்ப் புட்டிகளும் தவிர ஒன்றும் கிடையாது. அப்போது எடுத்திருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்கும் என்றும் சொல்ல முடியாது, செத்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. தேவையில்லாமல் அதைச் சூதாட்டத்தில் வைக்கிறோம், அது மட்டும் நிச்சயம்.

டாக்டரம்மாவிடம் ஓடினேன். கை கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குழாயை மூடவில்லை.

"கருவிகள் கொதிக்கற சத்தம் அவளுக்கும் கேக்குது சிஸ்டர். பயந்துபோனவங்க தப்பிக்க எதுவும் சொல்வாங்க. இது உண்மைன்னு எப்படித் தெரியும்?"

"தப்பிக்கறதுக்குப் பொய் சொல்றவ தனக்கு நல்லது வர்ற மாதிரில்லா சொல்லுவா டாக்டரம்மா? இவ தன் தலையில மண்ண வாரிப் போடுற மாதிரி ஒண்ணச் சொல்லுதா. அதான் நம்புதேன்."

"நீங்க நம்பறது தப்பா இருந்தா? நாளைக்குக் குழலை வச்சுச் சத்தம் இல்லன்னா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. நான் சொன்னது வெறும் ஊகம், அவர் கேட்டது ஒரு உயிரைப் பற்றி. இந்த இடத்தில் உங்களில் யாராவது தைரியமாக ஒரு பதிலைச் சொன்னால், உங்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். கடைசியில், "அவன் வாசல்லதான நிக்கான். அவனையும் ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்றேன். டாக்டரம்மா குழாயை மூடினார்.

எங்கள் கெட்ட நேரம், தேசப்பனைக் கூப்பிடப் போனால் பக்கத்தில் பொன்னம்மாவும் வந்து நிற்கிறாள், கையில் தேங்காயும் வெற்றிலையுமாக. இரண்டு பேரும் வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். வார்டு ஜன்னல் அங்கேதான் திறக்கும். லோகம்மாவின் கட்டில் அந்த ஜன்னலை ஒட்டி இருந்தது. தாயைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்க வேண்டும் என்று நான் வாயெடுப்பதற்குள் டாக்டரம்மா கேட்டுவிட்டார். அவருக்கு வளைத்துப் பேசத் தெரியாது.

"ஏம்பா, ஆடி மாசம் நீ எண்ணூருக்குப் போய் உன் சம்சாரத்தைப் பார்த்தியா?"

அவன் தாயைப் பார்த்தான். கறுத்த முகம் வெளிறியது.

"இல்லியே. நான் எங்கயும் போவலியே. கடலுக்குத்தான் போனேன்."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்தது. இவ்வளவு தூரம் கொண்டுவந்து அந்தப் பெண்ணைக் கிணற்றில் தள்ளிவிட்டேனே என்று நினைத்தேன். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். பார்த்தீர்களா என்று கேட்பதுபோல இருந்தது.

பொன்னம்மா தேங்காயை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பிறகு மகன் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"டேய், யாருகிட்ட டபாய்க்கிற? ஆடியில கூட கூடையா மடவ கொண்டாந்து கொட்டினியே, அத்த வித்தவ யாரு? உங்கப்பனா? கடல் மடவைக்கும் கழி மடவைக்கும் எனுக்கு வித்தியாசம் தெரியாதா? மோந்து பாத்தாலே சேத்து வாட. நம்ம கடல்ல எண்ணூரு கழி மீனு எப்டிடா வந்திச்சி? நடந்தா வந்திச்சி?"

தேசப்பன் தலையைத் தடவிக்கொண்டான். "ஆடிக் காத்துமா. மரத்த வடக்கால இழுத்துகினு பூட்ச்சி" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே.

"இழுக்கும் இழுக்கும். பொண்டாட்டி வூட்டு வாசலாண்ட வரிக்கும் இழுக்கும்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டாக்டரம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அப்படின்னா உனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுகிட்டே ஏம்மா பொய்க் கணக்குக்கு ஆமாம் போட்டே?" என்று கேட்டார்.

பொன்னம்மாவும் விடவில்லை.

"இன்னா பண்ண சொல்றீங்கோ? புதுப் பொண்ணு வெக்கப்பட்டுகினு ஒரு கணக்கு சொல்லிச்சி. நானு இல்ல இன்னா, நாளைக்கு எம் மூஞ்சில எப்டி முழிக்கும்? ஆமா இன்னுட்டேன். நீங்கோ பட்ச்சவங்கோ, வயித்த தொட்டு பாத்து கண்டுக்குவீங்கோ இன்னு நெனச்சேன். சித்திர பொறக்கறதுக்குள்ள பெத்துட்டா எல்லாருக்கும் நல்லது இன்னும் நெனச்சேன். முன்னாலயே எட்த்தா புள்ளைக்கு ஆவாது இன்னு யாருனா ஒரு வார்த்த எங்ககிட்ட சொன்னீங்களா? எண்ணெய குட்த்தீங்கோ. குடிச்சிச்சி."

யாரும் சொல்லவில்லை என்பது உண்மைதானே. எப்போது குளித்தாய், எப்போது துடித்தது என்று அவர்களைக் கேட்டோம். ஏன் கேட்கிறோம், அந்தப் பதிலை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்று நாங்கள் வாயைத் திறக்கவே இல்லை. அன்றிலிருந்து எந்தப் பெண்ணிடமும் கணக்குக் கேட்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுவேன். நீ என்ன சொன்னாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன், ஆனால் தப்பாகச் சொன்னால் பிள்ளைக்கு ஆபத்து என்று. மாமியாரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்பேன். அதற்குப் பிறகும் என்னிடம் பொய் சொன்னவர்கள் உண்டு. என்ன செய்வது?

நான் உள்ளே போனேன். லோகம்மா கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வெளியிலிருந்து பொன்னம்மா கம்பிக்குள் கையை விட்டு அவள் கன்னத்தைத் தொட்டாள். "இன்னாமே, இதுக்குப்போய் எண்ணெய குடிச்சியே, கிறுக்கு" என்றாள். அப்போதுதான் அந்தப் பெண் வாய்விட்டு அழுதாள்.

கொதித்த கருவிகளை டாக்டரம்மா தானே தட்டில் வைத்துத் துணியால் மூடினார்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் இருவருக்கும் தூக்கம் போயிற்று. அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை, வார்டிலேயே வைத்துக்கொண்டோம். தினமும் காலையில் டாக்டரம்மா முதல் வேலையாகக் குழலை எடுத்துக்கொண்டு அவள் கட்டிலுக்குத்தான் போவார். கேட்டுவிட்டு என்னிடம் நீட்டுவார். சத்தம் இருக்கும். "நாம சரியாத்தான் செய்யறமா சிஸ்டர்?" என்பார். "தெரியல டாக்டரம்மா" என்பேன். "எனக்கும் தெரியல" என்பார். பிறகு மற்ற வேலையைப் பார்ப்போம். தேசப்பன் ஒருவேளை பயத்தில் ஒத்துக்கொண்டானோ, மாமியார் மருமகளைக் காப்பாற்ற இன்னொரு பொய் சொன்னாளோ, கார்த்திகை என்றது என் காதில் விழுந்த ஆசையோ என்று எனக்கும் பலவிதமாகத் தோன்றும். சித்திரை பிறந்தது. பொன்னம்மா வேப்பம்பூப் பச்சடி கொண்டுவந்து வார்டுக்கே கொடுத்தாள். அதன் கசப்புக்கூட எனக்கு அன்று தெரியவில்லை.

சித்திரை முடிகிற சமயத்தில் ஒரு காலை, எண்ணெயும் இல்லாமல் ஊசியும் இல்லாமல், வலி தானாக வந்தது. பெண் குழந்தை. நாள் மிகவும் தாண்டிய குழந்தையின் தோல் வறண்டு உரியும், நகம் நீண்டிருக்கும். இந்தக் குழந்தை வெண்ணெய் தடவினதுபோல வெள்ளை மாவோடு வழவழவென்று வந்தது. டாக்டரம்மா அந்த மாவை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

பொங்கலுக்குக் காத்திருந்து ஒரு குழந்தை போயிற்று, சித்திரைக்குக் காத்திருந்து ஒரு குழந்தை பிழைத்தது. காத்திருப்பது நல்லதா கெட்டதா என்று கேட்டால் நான் எதைச் சொல்வேன்? உங்களிடம் இப்போது வயிற்றுக்குள்ளே படம் பிடித்துக் காட்டுகிற இயந்திரம் இருக்கிறது, எங்கள் குழப்பத்தில் பாதியை அது வாங்கிக்கொண்டிருக்கும். மீதிப் பாதி கட்டிலைச் சுற்றி நிற்கிறவர்களிடம் இருக்கிறது. அதை அந்த இயந்திரம் காட்டாது.

அவர்கள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று பொன்னம்மா ஒரு முறத்தில் தவிடு கொண்டுவந்தாள். குழந்தையை என் கையில் வைத்து, "இது உன் புள்ள நர்சம்மா. சித்திரையில பொறந்தது உன் வூட்டுப் புள்ள. எங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். சித்திரை தோஷம் தகப்பனைத் தேடி வந்தால் ஆள் மாறிப் போகட்டும் என்று ஏற்பாடு. பிறகு தவிட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்த விலைக்குப் பேத்தியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். கையில் தவிட்டோடு நான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பொங்கலுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

லோகம்மா படியிறங்கும்போது அடுத்த சடங்கு அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. "அத்த, இந்த ஆடிக்கு நான் எண்ணூருக்குப் போவணுமா?" என்று மெல்லக் கேட்டாள்.

பொன்னம்மா பேத்தியைத் தோளில் மாற்றிக்கொண்டாள். மகனை ஒரு பார்வை பார்த்தாள்.

"நீ எங்கயும் போவ வேணாம். அந்தச் சேத்து மடவைய வித்துத் தள்ள என்னால ஆவாது."